துரைக்கண்ணுவுக்கு நட்ட கல்

அந்தப் பையில இருக்கிறது கேடயம்தானே சார்? பளபளன்னு ஒரு மூலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அதான் கேட்டேன். உங்களுக்குக் கொடுத்ததா? சமூக சேவைக்கா? நல்லது, நல்லது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் அத்திக்கானூர் வரைக்கும் வரணும்.

தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குக் கேடயத்தைக் கண்டாலே ஆகாது. பிளாஸ்டிக்குக்குத் தங்கக் கலர் அடிச்சு, நடுவுல ஒரு விளக்கு, கீழ ஒரு ஸ்டிக்கர். அடுத்த மழைக்கு ஸ்டிக்கர் உரிஞ்சிடும். அப்புறம் அது யாருக்குக் கொடுத்ததுன்னு கொடுத்தவனுக்கே தெரியாது. பொன்னாடை அதுக்கு மேல. ஒரு விழாவுல ஒருத்தருக்குப் போர்த்தினதை அடுத்த விழாவுல இன்னொருத்தர் தோள்ல பார்த்திருக்கேன், ஓரத்துல காபிக் கறையோட. அவரும் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி நன்றி சொன்னார். நான் உங்களைச் சொல்லல சார். பொதுவாச் சொல்றேன்.

சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்கு. அத்திக்கானூர் வட்டார வரலாற்றுக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். தில்லைநாயகம். கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, விடுங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்னு இல்லை.

முன்னாடி பாருங்க, டிரைவர் பக்கம், பச்சைப் புடவை கட்டிக்கிட்டு சன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கறாளே, அது என் சம்சாரம். குணசுந்தரி. நான் குணான்னு கூப்பிடுவேன். கிட்னி ரெண்டும் படுத்துடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பறோம். டயாலிசிஸ் ஆரம்பிச்சே ஆகணும், இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். தனியார்ல பார்க்க நமக்கு வசதி இல்லை. நான் பாடம் நடத்தினது பிரைவேட் ஸ்கூல்ல, பென்ஷன் கிடையாது. பெரியாஸ்பத்திரியில இலவசம். ஆனா மெஷின் காலி இல்லைங்கறான். போங்க, கூப்பிடறோம்ங்கறான். இன்னிக்கும் அதே பதில். அவ கால் தூணு மாதிரி வீங்கிப் போச்சு, செருப்பு நுழைய மாட்டேங்குது. அது ஒரு கதை சார். அதுவும் கழகத்துக் கதையும் ஒண்ணுதான்னு அவ சொல்றா. நான் ஒத்துக்க மாட்டேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க கழகத்துக்குத் தலைவர் கேசவ ரெட்டியார். ரைஸ் மில் வெச்சிருக்கார். வரலாறுன்னா அவருக்கு அவங்க தாத்தா வரைக்கும்தான். அதுக்கு முந்தி உலகம் இருந்ததான்னு அவருக்குச் சந்தேகம். வருஷா வருஷம் பொதுத்தொண்டு செஞ்ச உள்ளூர்ப் பெரியவங்களைக் கழகம் கூப்பிட்டுப் பாராட்டும். அறிமுக உரை எழுதிப் படிக்கிறது நான். யார் யாரைப் பத்தியெல்லாம் எழுதியிருக்கேன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒருத்தர் தண்ணீர்ப் பந்தல் வெச்சார். பந்தல் இருந்தது, பேனர் இருந்தது. தண்ணி மட்டும், போட்டோ எடுத்த அன்னிக்குத்தான் இருந்தது. இன்னொருத்தர் சுடுகாட்டுக்குக் கேட் போட்டுக் கொடுத்தார். கேட்டுல அவர் பேரு, அவர் அப்பா பேரு, அவர் கடை பேரு, கடை போன் நம்பர். பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போறவன் சிமெண்ட் ஆர்டர் பண்ணிட்டுப் போகணும். இவங்களையெல்லாம் வள்ளல்னு எழுதின கை சார் இது.

போன வருஷம் நான் கூட்டத்துல எழுந்து நின்னுட்டேன். போதும்னேன். கேடயமும் வேணாம், பொன்னாடையும் வேணாம். நம்ம வட்டாரத்துக்குன்னு ஒரு மரபு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, ஊர் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவனோட சண்டை போட்டு விழுந்தவனுக்கு ஊரே சேர்ந்து கல்லு நட்டுது. நடுகல். கையில வில்லு, இடுப்புல கத்தி, மேல ரெண்டு வரி எழுத்து. எங்க பக்கம் வயல்ல, வரப்புல இன்னும் நிக்குது. ஒண்ணை நானே கண்டுபிடிச்சேன், ஒரு வீட்டுக் கொல்லையில அதுமேல துணி துவைச்சிட்டிருந்தாங்க. அந்த அம்மா கல்லைக் கொடுக்க மாட்டேன்னு என்கிட்ட சண்டைக்கு வந்துது. சோப்பு நல்லா நுரைக்குதாம் அதுல. இந்த மாதிரி ஜனங்களுக்கு நடுவுலதான் நான் வரலாறு எழுதறேன். அதனால இந்த வருஷம் ஒரே ஒருத்தருக்குப் பாராட்டு, அது கல்லுல இருக்கட்டும், நிக்கட்டும்னு சொன்னேன்.

ரெட்டியார் இழுத்தார். "சார், அது செத்தவனுக்கு நடறதாச்சே."

"மரபைப் புதுப்பிக்கிறோம் ரெட்டியாரே. செத்தப்புறம் புகழ்ந்து என்ன பிரயோஜனம், உயிரோட இருக்கிறப்பவே அவன் கண்ணால பார்க்கட்டும்."

அப்படியே தீர்மானம் ஆச்சு. ஆனா ஒரு வேடிக்கை. அந்த வருஷம் பாராட்டு ரெட்டியார் மச்சானுக்குன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தது. கல்லுன்னதும் ரெட்டியார், மச்சானுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னுட்டார். இன்னொரு பேரு சொன்னோம், அந்த ஆளு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு, திரும்பி வரவே இல்லை. படிச்சவங்க சார் எல்லாம். கல்லைக் கண்டு பயம். இப்படி ஒவ்வொருத்தரா நழுவி நழுவிக் கடைசியில வந்து நின்னது துரைக்கண்ணு பேர்ல.

துரைக்கண்ணு யாருன்னா, முன்னாடி எங்க வார்டு கவுன்சிலர். படிப்பு கிடையாது. என்ன சேவை பண்ணான்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது. யாருக்காவது உடம்பு முடியலைன்னா கூடப் போவான். அவ்வளவுதான். மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்துக்குவான். சண்டை போட மாட்டான், கத்த மாட்டான். எழுந்து போய்யான்னா சிரிப்பான். நாள் பூரா சோறு தண்ணி இல்லாம அங்கேயே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். கடைசியில இவனைத் தொலைச்சாப் போதும்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க. இதுக்குப் பேரு பொதுத்தொண்டாம். வேலை வெட்டி இல்லாதவன் பண்றது. ஆனா எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் அவன் பேரைத்தான் சொன்னாங்க. சரி, கல்லுக்கு ஒரு ஆளு வேணும், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

கல்தச்சர் வீராசாமி வந்து, உருவம் எப்படி செதுக்கறதுன்னு கேட்டார். "அந்த ஆளு கையில மஞ்சப்பை இல்லாம ஊர்ல யாரும் பார்த்ததில்லையே சார், அதையும் செதுக்கட்டா?" நடுகல்லுல மஞ்சப்பை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வில்லும் கத்தியும்தான்னேன். மீசையும் நான் சொன்னதுதான், துரைக்கண்ணுக்கு மீசை பேருக்குத்தான் இருக்கும். எழுத்து பூரா நான் யாத்தது. கீழ என் பேரு சின்னதா இருக்கும். சின்னதுன்னா, ரோட்டுல போற பஸ்ஸுலேர்ந்து படிக்கிற அளவுக்குச் சின்னது.

ஏரிக்கரை ஸ்டாப்புல புங்க மரத்தடியில நட்டோம். குழியில முதல் கை மண்ணை நான்தான் போட்டேன். விழா நல்லாத்தான் ஆரம்பிச்சுது. துணியை விலக்கினதும் துரைக்கண்ணு கல்லைப் பார்த்துத் தலையைச் சொறிஞ்சான். "நல்லாருக்கு சார், யாரு இது?" ன்னான். கூட்டம் சிரிச்சுது. அப்போ அவன் பொண்டாட்டி அஞ்சலை முன்னாடி வந்துது. கல்லைச் சுத்தி ஒரு தரம் வந்து பார்த்துது. அப்புறம் என்கிட்ட வந்து, "இன்னா சார், எம் புருஷன் உயிரோடதானே கீறாரு?" ன்னு கேட்டுது. மெதுவாத்தான் கேட்டுது. ஆனா மைக் என் கையில இருந்தது. ஊர் பூரா கேட்டுடுச்சு. அது பாட்டுக்குப் புருஷன் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பாராட்டு வாங்க வேண்டிய ஆளே இல்லை. நான் பாராட்டுரையைப் படிச்சேன். முழுசாப் படிச்சேன். ரெட்டியார் பந்தி பக்கம் போய் உக்காந்துட்டார்.

அதுக்கப்புறம்தான் நம்ம ஜனங்களோட அழகைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி கல்லுக்கு மஞ்சள் பூசினா. அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரம். அப்புறம் பாலு, முட்டை, சேவல். மாடு கன்னு போடணும், மகனுக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு மரத்துல துணி கட்டறாங்க. உயிரோட இருக்கிற ஆளு எதிர்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கான், இவங்க அவன் கல்லுகிட்ட போய் மனு கொடுக்கிறாங்க. அவனை ஒரு வார்த்தை கேட்கிறதில்லை. இந்த மூட ஜனங்களுக்கு எண்ணெய் பூசத்தான் தெரியும், எழுத்தைப் படிக்கத் தெரியாது. நான் எழுதினதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குல மறைஞ்சு போச்சு சார்.

அதோட விட்டாங்களா? பேர்ல கல்லு நிக்கிற ஆளு வீட்டுப் படி ஏறினா ஆகாதுன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. செட்டித் தெருவுல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. வழக்கம் போல இவன் பையை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். மாமியார்க்காரி வாசல்லயே மறிச்சு, "அண்ணே, தப்பா நினைச்சுக்காத, நீ கூட வர வேணாம்" னுட்டா. கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றவங்க வாசல்ல நின்னு நீட்டிட்டு ஓடறாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட ஒருத்தரும் வர்றதில்லை. சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டாங்களாம். ஊர்ல செத்தவன் கணக்குல சேர்த்துட்டாங்க அவனை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் பண்ணது கௌரவம்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். "வாய்யா துரைக்கண்ணு" ன்னேன். குணா காபி போட்டுக் கொடுத்தா. கையில டம்ளரை வெச்சுக்கிட்டுக் குடிக்காமயே உக்காந்திருந்தான்.

"சார், அந்தக் கல்லை எடுத்துடுங்க சார்."

"ஏன்? கோணலா நிக்குதா?"

"எனக்கு வேற எதுவும் தெரியாது சார். யாராச்சும் கூப்பிட்டா போவேன். இப்போ யாரும் கூப்பிடறதில்லை. காலைல எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். சாயந்தரம் கழட்டறேன்."

பாருங்க, எவ்வளவு அற்பமான புத்தி. வரலாற்றுல நிக்கிறேய்யா நீ, சாயந்தரம் சட்டையைக் கழட்டறதைப் பத்திப் பேசறியேன்னு கேட்டேன். நட்ட கல்லை எடுக்கிறதுக்கு மரபுல இடம் இல்லைன்னேன். கும்பிட்டுட்டுப் போயிட்டான். அவன் போனதும் குணா, "எடுத்துடுங்களேன், பாவம்" னா. நீ காபி டம்ளரைக் கழுவுன்னேன்.

கழகத்துலயும் கல்லை எடுக்கணும்னு ரெட்டியார் பேச்செடுத்தார். ஆனா ஒருத்தனும் கிட்ட போகத் தயாரா இல்லை. கும்பிட ஆரம்பிச்ச கல்லாச்சே. வீராசாமி சொல்லிட்டார், நட்டவர் கை முதல்ல படணும், இல்லைன்னா அவர் வீட்டு ஆளு கையாவது படணும், அப்புறம்தான் நாங்க கடப்பாரை போடுவோம்னு. நான் தொட மாட்டேன்னேன். பேச்சு அதோட நின்னுது. ஜெயிச்சேன்னுதான் சொல்லணும்.

அப்புறம்தான் இவளுக்கு இப்படி ஆச்சு. முதல் நாளே சொன்னா, துரைக்கண்ணு அண்ணனைக் கூப்பிடுங்கன்னு. எதுக்கு? நான் போக மாட்டேனா? எனக்குப் பேசத் தெரியாதா? போனேன். வரலாற்றுக் கழகச் செயலாளர்னு விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி கவுன்டர்ல உக்காந்திருந்தவன் வாங்கித் திருப்பிப் போட்டு, பேனா எழுதுதான்னு அதுல கிறுக்கிப் பார்த்தான். நான் அந்த ஆஸ்பத்திரி நிக்கிற இடத்தோட வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். அடுத்த ஆளுன்னான். போன தரமும் அப்படித்தான். இன்னிக்கு டாக்டரையே பிடிச்சு நிறுத்தினேன். நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அவர் மாடி ஏறிட்டார். குணா பெஞ்சுல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா. வாசல்ல உக்காந்து சிரிக்கலாம்னாலும் எனக்கு அது வராது சார். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, துரைக்கண்ணு வீட்டுக்கும் போனேன். போன மாசம். வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், முழுசாக் கேட்கக்கூட இல்லை, எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டான். மஞ்சப்பையைத் தேடறான். அதுக்குள்ள அஞ்சலை வந்து நிலைப்படியில நின்னுடுச்சு.

"சட்டையைக் கழட்டுய்யா."

"அஞ்சலை, அவங்க வீட்டம்மாவுக்கு..."

"தெரியும். அந்தம்மாவை நான் குறை சொல்லல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "செத்தவனை எந்த ஆஸ்பத்திரிக்கு சார் கூட்டிக்கினு போவீங்க? கல்லு போவட்டும். அன்னிக்கே இவரு வருவாரு" ன்னுது.

ஒரு கவுன்சிலர் பொண்டாட்டி, அதுவும் முன்னாள் கவுன்சிலர், எனக்கு நிபந்தனை போடுது. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? யோசிக்க வேண்டாமா? ஒரு கல்லை நடறது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா உங்களுக்கு? நான் எழுதின புஸ்தகத்தை ஒருத்தனும் போடல. நான் பாடம் சொல்லிக் கொடுத்த பசங்க ரோட்டுல பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறானுங்க. நான்னு ஒரு ஆளு இந்த ஊர்ல இருந்தேன்கிறதுக்கு நிக்கப் போறது அது ஒண்ணுதான். அதைப் போய் என் கையாலயே எடுன்னா? அவ மேல எனக்கு அக்கறை இல்லைன்னு நினைக்காதீங்க. ராத்திரி அவ மூச்சு வாங்கற சத்தத்தைக் கேட்டா எழுந்து உக்காந்துக்கறேன். பயமா இருக்கு சார். அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு. ஆனா வேற வழி இருக்கும். இருக்கணும். அடுத்த வாரம் கலெக்டருக்கே நேர்ல போகலாம்னு இருக்கேன். படிச்சவர், நடுகல்லுன்னா என்னன்னு அவருக்காவது தெரியும்.

அஞ்சலை சொன்னதை நேத்துத்தான் குணாகிட்ட சொன்னேன். அவ அழல, கோவிக்கல. அப்படியான்னு கேட்டுக்கிட்டா. போனை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டா, தங்கச்சிகிட்ட பேசறதுக்கு. பொம்பளைங்களுக்கு எதையும் ஆழமா எடுத்துக்கத் தெரியாது. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான்.

இதோ, ஏரிக்கரை வந்தாச்சு. நம்ம ஸ்டாப் இதுக்கு அடுத்தது. குனிஞ்சு பாருங்க, இப்போ உங்களுக்கே தெரியும், அந்தப் புங்க மரத்தடியில. எண்ணெயா வழியுது, அதைப் பார்க்காதீங்க, அமைப்பைப் பாருங்க.

என்ன கூட்டமா இருக்கு? இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே. அது வீராசாமி. கையில கடப்பாரை. பக்கத்துல அஞ்சலை. ரெட்டியார் வேற குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். இவங்கெல்லாம் இங்க என்ன பண்றாங்க? எவ்வளவு நேரமா நிக்கிறாங்க?

குணா எதுக்கு எழுந்துக்கிறா? குணா, இது இல்லை, அடுத்த ஸ்டாப். உக்காரு. கண்டக்டர், அந்தம்மா தூக்கக் கலக்கத்துல இறங்குது, கொஞ்சம் சொல்லுங்க. சார், காலை மடக்குங்க, நான் சன்னல்கிட்ட வரணும்.

குணா, எங்க போற?

கேட்டீங்களா சார்? கேட்டீங்கதானே, என்ன சொன்னான்னு? கல்லைத் தொட்டுக் கொடுத்துட்டு வர்றேன், நாளைக்குக் காலைல துரைக்கண்ணு அண்ணனோட ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்க வீட்டுக்குப் போய் உலை வைங்கன்னு சொல்லிட்டுப் போறா. திரும்பிக்கூடப் பார்க்கல. தூங்கவே இல்லை போல இருக்கு அவ.

அந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி நடக்கிறா பாருங்க. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா. அஞ்சலை வந்து தோளைப் பிடிச்சுக்கிச்சு. துரைக்கண்ணு அந்தப் பக்கம் தனியா நிக்கிறான், மஞ்சப்பையோட.

கை வெச்சுட்டா.

விசில் கொடுத்துட்டான். இறங்கியிருக்கலாம், நீங்க சொல்றது சரிதான். இறங்கி அத்தனை பேர் முன்னாடி நான் என்னன்னு சொல்றது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது? வண்டி கிளம்பிடுச்சு, இனிமே அதைப் பேசி ஆகப்போறது இல்லை.

உலை வைக்கணுமாம். நான் அடுப்புப் பக்கம் போனதே இல்லை சார். நீங்க சமூக சேவை பண்றவர், நாலு பேருக்குச் சோறு போட்டிருப்பீங்க. ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்?